முனியராஜ் குடும்பம் பூச்சி பார்க்கப் போனது

முனியராஜ் எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் ஆளைப் பார்க்க மாட்டான், கதவைப் பார்ப்பான். கல்யாண வீடோ காதுகுத்து வீடோ, "வாங்க மச்சான்" என்று கையைப் பிடித்து இழுக்கிறவனுக்குப் பதில் சொல்லாமல், அவன் தோளுக்கு மேலே கண்ணை ஓட்டுவான். எத்தனை கதவு, எந்தப் பக்கம் திறக்கிறது, குறுக்கே எந்த மடையன் நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறான் என்று பார்த்து முடித்த பிறகுதான் அவன் முகத்தில் சிரிப்பு வரும். சாத்தூர்ச் சொந்தக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் திமிர். நாரணாபுரம் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனியில் அவனோடு வேலை பார்க்கிறவர்கள் மட்டும் இதற்குப் பெயர் ஒன்றும் வைக்கவில்லை. அவர்களுக்குக் காரணம் தெரியும்.

முனியராஜுக்கு மருந்து கலக்குகிற வேலை. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி எல்லாவற்றையும் வெயில் ஏறுவதற்கு முன்னே சலித்துக் கலந்து கொடுத்துவிட வேண்டும். மாமியார் வீட்டில்கூட அத்தனை சட்டதிட்டம் இருக்காது. செல்போனை கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். நைலான் துணி உடம்பில் இருக்கக் கூடாது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, அங்கே பதித்திருக்கும் செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டு, உடம்பில் இருக்கிற கரண்டை இறக்கிய பிறகுதான் ரூமுக்குள் கால் வைக்க வேண்டும். ஒரு ரூமுக்குள் கூட்டம் சேரக் கூடாது. கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், வேலை நடக்கிற நேரம் முழுக்கத் திறந்தே கிடக்க வேண்டும்.

ஒரு சீசனில் ஆர்டர் மேல் ஆர்டர் வந்து விழுந்தது. வைக்க இடமில்லாமல் ஒரு ரூமின் பின்கதவை ஒட்டி அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள், சாயங்கால லோடில் போய்விடும் என்று. முனியராஜ் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்த நேரத்தில் உள்ளே மருந்து பற்றிக்கொண்டது. அவனோடு மருந்து கலக்குகிற கருப்பணன் உள்ளே இருந்தான். அவனுக்குக் கிட்டத்தில் இருந்தது அந்தப் பின்கதவுதான். அவன் அதை நோக்கித்தான் ஓடியிருக்கிறான்.

அதற்குப் பிறகு முனியராஜ் வேலையை விடவில்லை. அந்த ரூம்களில் கதவு திறந்து கிடப்பதை அவனே பார்த்துக்கொள்வான், போர்மேனே ஆனாலும் வாசலில் ஒரு சாக்கை வைத்தால் சண்டைக்குப் போவான். அதனால் கம்பெனியில் அவனுக்குப் பயம் இல்லை. பயமெல்லாம் வெளியில்தான். ஊர் உலகத்தில் யாரும் கதவைப் பற்றிக் கவலைப்படுவதாக அவனுக்குத் தெரியவில்லை.

இதனால் அவன் மனைவி மாரிசெல்வி பட்ட பாடு கொஞ்சமில்லை. அவள் சாத்தூரில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவள். வாரமெல்லாம் குனிந்த தலை நிமிராமல் பெட்டி அடைத்துவிட்டு, என்றைக்காவது ஒருநாள் வெளியே போகலாம் என்றால் அந்த ஒருநாளும் உருப்படியாக முடியாது. விருதுநகரில் படம் பார்க்கப் போனார்கள். இடைவேளைக்கு முன்பே, "கெளம்பு, கெளம்பு" என்று இழுத்துவந்துவிட்டான். வில்லன் செத்தானா பிழைத்தானா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. மதுரையில் துணிக்கடைக்குப் போனார்கள். பட்டுச்சேலை மாடியில் என்றார்கள். மாடிக்கு ஒரே படிக்கட்டு. பிரித்துப் போட்ட சேலைகளுக்கு நடுவே அவளை எழுப்பிக் கூட்டிவந்ததை அவள் செத்தாலும் மறக்க மாட்டாள். அவளுடைய சொந்தத் தம்பி கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் மாப்பிள்ளைக்கு மச்சானான இவன் மண்டபத்து வாசலில் நின்று, ஜெனரேட்டரைக் கதவோரமாக வைத்தவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். இருக்கன்குடிக் கோயிலுக்குப் போனாலும் அவன் ஆற்று மணலில் உட்கார்ந்துகொள்வான், கூட்டத்துக்குள் தாயும் மகளும்தான் முட்டி மோதி ஆத்தாளைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

மகள் பாண்டிலட்சுமி, வீட்டில் லச்சு. எட்டாம் வகுப்பு. மற்றப் பிள்ளைகள் பூச்சியைக் கண்டால் அலறும், இவள் குப்புறப் படுத்துக்கொண்டு பார்ப்பாள். மழைக்காலத்தில் டியூப்லைட்டைச் சுற்றி வருகிறதையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அவளுக்குப் பாடம் எடுக்கிற டீச்சர் ஒருநாள், மதுரையைத் தாண்டி ஒரு கல்லூரியில் பூச்சிகளுக்கென்றே ஒரு பெரிய கூடம் வைத்திருக்கிறார்கள், சனிக்கிழமை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை.

"அப்பா, அங்கன அட்லஸ் அந்துப்பூச்சி இருக்காம்ப்பா. ரெண்டு கையையும் சேத்து விரிச்சா எம்புட்டு இருக்கும், அம்புட்டுப் பெருசாம். அதுக்கு வாயே கெடையாதாம்."

"வாயில்லாம எப்பிடித் திங்கும்?"

"திங்காதாம். புழுவா இருக்கையிலயே தின்னு சேத்து வச்சுக்கிடுமாம்."

"குடுத்து வச்ச சென்மம்," என்றாள் மாரிசெல்வி. "அது புருசனுக்குப் பொங்கிப் போடுற வேல மிச்சம்."

தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டிக் கிடந்த நேரம். முனியராஜுக்குச் சாக்குச் சொல்ல வேலையும் இல்லை, மகளிடம் முடியாது என்று சொல்ல மனசும் இல்லை. சரி என்றுவிட்டான். சரி என்றதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கூடம் என்கிறார்களே, எப்படிப்பட்ட கூடம், கீழேயா மாடியா, என்றெல்லாம் மகளிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தான். அவளுக்குப் பூச்சியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் மாரிசெல்வி தலையைச் சீவி முடித்துவிட்டு, சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே வந்து அவன் முன்னால் நின்றாள்.

"இந்தாருங்க. எனக்குப் பண்ணுனதெல்லாம் போகட்டும். எனக்குப் பூச்சி பாக்கணும்னு வேண்டுதல் ஒண்ணும் இல்ல. ஆனா புள்ள ஆசப்பட்டு இதுவரைக்கும் ஒரு எடத்துக்குப் போகணும்னு கேட்டதில்ல. அவளையும் பாதியில கெளப்பிக் கூட்டியாந்தீகன்னா, இனி ஒங்களோட பால் வாங்கக்கூட நான் வர மாட்டேன்."

"வர மாட்டேன்" என்று அவளுக்குத் திருப்பிச் சொன்னான் முனியராஜ். "பாதியில வர மாட்டேன். அந்தப் பூச்சிய அவ பாக்காம வெளிய கால வைக்க மாட்டேன், போதுமா?"  அதை மனசாரத்தான் சொன்னான்.

பஸ்ஸில் கதவை ஒட்டிய சீட்டாகப் பிடித்து உட்கார்ந்தான். மதுரையில் இறங்கி, டவுன் பஸ் ஏறி, கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளைகள் கூடத்து வாசலில் ஈசல் மாதிரி மொய்த்துக்கொண்டு நின்றன. நல்லவேளை, கூடம் கீழ்த்தளத்தில்தான் இருந்தது.

வாசலுக்கு வந்ததும் முனியராஜ் தன் போனை எடுத்தான், மாரிசெல்வியிடமிருந்து அவள் போனையும் வாங்கினான், இரண்டையும் வாட்ச்மேன் கையில் கொடுத்தான். யாரும் கேட்கவில்லை. கை தானாகப் போய்க் கொடுத்துவிட்டது.

வாட்ச்மேன் முழித்தார். "எதுக்குண்ணே எங்கிட்டக் குடுக்கீக?"

"உள்ள கொண்டுபோகக் கூடாதுல்ல?"

"யாரு சொன்னா? தாராளமாப் படம் எடுக்கலாம்."

அங்கேயே திருப்பி வாங்கியிருக்கலாம். ஆனால் மூடின கூடத்துக்குள் பேட்டரியோடு போவதா என்று மண்டைக்குள் ஏதோ ஒன்று ஓடியது. "பரவால்ல, நீங்களே வச்சிருங்க, வரும்போது வாங்கிக்கிடுதேன்," என்றான்.

"அப்பா, டீச்சர்ட்டக் காட்ட ஒரு படமாச்சும்…" என்றாள் லச்சு.

"கண்ணால பாரு தாயி. கண்ணால பாத்தது எங்க போயிரும்?"

பிறகு செருப்பைக் கழற்றினான். அவன் கழற்றியதைப் பார்த்து, எல்லோரும் கழற்ற வேண்டும்போல என்று மாரிசெல்வியும் கழற்றினாள். ஷூ போட்டுக்கொண்டு உள்ளே போன பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. அதோடு விட்டானா? வாசலோரம் இருந்த இரும்புக் கிராதியில் உள்ளங்கையை அழுத்தி வைத்தான். சின்னதிலிருந்து அப்பா செய்வதைப் பார்த்துப் பழகிய லச்சுவும் வைத்தாள்.

"செத்த பூச்சியப் பாக்கப் போறதுக்கும் கரண்டு எறக்கணுமாக்கும்," என்று முனகிக்கொண்டே மாரிசெல்வி உள்ளே போனாள்.

உள்ளே போனதும் முனியராஜுக்குப் பாதி உயிர் போயிற்று. நீளமான ஏசி கூடம். ஜன்னல் என்று பெயருக்குக்கூட ஒன்று இல்லை. அந்துருண்டை நெடி மூக்கில் ஏறியது. அவர்கள் நுழைந்த கண்ணாடிக் கதவு, பின்னாலிருந்து யாரோ தள்ளியதைப் போலத் தானாக வந்து மூடிக்கொண்டது. கடைசிக் கோடியில் இன்னொரு கதவு இருந்தது. அதற்கு மேலே பச்சை விளக்கில் "அவசர வழி" என்று எழுதியும் இருந்தது. கீழே, கதவை முழுக்க மறைத்துக்கொண்டு, ஆள் உயரத்துக்கு ஒரு வண்ணத்துப்பூச்சிப் பலகை. அதன் இரண்டு இறக்கைக்கும் நடுவே நின்று படம் எடுத்துக்கொள்ளவாம்.

முனியராஜ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேரே அங்கே போனான். கூடத்தைச் சுற்றிக் காட்டுகிற பொண்ணு ஒருத்தி, சொர்ணலட்சுமி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தவள், பதறிப்போய் வந்தாள்.

"சார், அது போட்டோ எடுக்கறதுக்கு வச்சது சார்."

"கதவுக்குக் குறுக்கயாம்மா வைப்பீக? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா இம்புட்டுப் புள்ளைகளும் எங்கிட்டுப் போகும்?"

அவள் நல்ல பிள்ளை, மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அவனே பலகையை நகர்த்தி ஓரமாக வைத்தான். இந்தப் பக்கம் திரும்புவதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை மறுபடி இழுத்துக் கதவுக்கு நேரே வைத்துப் படம் எடுக்க ஆரம்பித்தன. மறுபடியும் நகர்த்தினான். மறுபடியும் வைத்தார்கள். டீச்சர் ஒருவர், யார் இந்த ஆள் என்பதுபோல அவன் வெறுங்காலைப் பார்த்தார். முனியராஜுக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. படித்த சனம், பெரிய கட்டடம், ஒரு கதவைக் கதவாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பின்னால் இருக்கிற கதவுக்குப் பலகை, முன்னால் இருக்கிற கதவு தானாக மூடிக்கொள்கிறது. சட்டை முதுகோடு ஒட்டிப்போயிற்று.

"அப்பா, என்னப்பா?" என்றாள் லச்சு பக்கத்தில் வந்து.

"ஒண்ணுமில்ல. நீ பூச்சியப் பாரு. அம்மாகூட இரு, போ."

அவள் அவனுடைய முகத்தைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், பிறகு கூட்டத்துக்குள் போய்விட்டாள். மாரிசெல்வி தூரத்தில் பட்டுப்புழுத் தட்டுக்கு முன்னால் நின்றபடியே இவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் அவனுக்கு மனப்பாடம். வாசலைப் பார்த்துக் கால் தானாகத் திரும்பியது. இதோ, கூப்பிட வேண்டியதுதான், "கெளம்பு" என்று ஒரு வார்த்தை, தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

அப்போதுதான் பார்த்தான், கண்ணாடிக் கதவு திறந்து கிடந்தது.

கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, வெளி வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. யாரோ புண்ணியவான் கல்லை முட்டுக் கொடுத்திருக்க வேண்டும் என்று நினைத்தான். மூச்சு கொஞ்சம் இறங்கியது. வரிசையில் நின்று முதல் பெட்டியைப் பார்த்தான், திரும்பினான், கதவு திறந்திருந்தது. வெட்டுக்கிளிகளைப் பார்த்தான், திரும்பினான், திறந்தேதான் இருந்தது. வண்டுகள், குளவிகள், தும்பிகள் என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தடவை திரும்பிப் பார்த்து நடந்தான். இத்தனை காலத்தில் இப்படி ஓர் இடத்தில் இவ்வளவு தூரம் உள்ளே போனது இதுதான் முதல் தடவை. அவனுக்கே நம்ப முடியவில்லை.

மாரிசெல்வியோ வேறு உலகத்தில் இருந்தாள். பட்டுப்புழு இலை தின்கிற சத்தத்தைக் காதை வைத்துக் கேட்டாள். கரப்பான் பூச்சிகளை வரிசையாகக் குத்தி வைத்திருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, "இதுக்கா ஏசி போட்டு வச்சிருக்கீக? எங்க வீட்டு அடுப்படிக்கு வாங்க, உசுரோட காட்டுதேன்," என்று சொர்ணலட்சுமியைச் சிரிக்க வைத்தாள். மகள் அவனோடு இருக்கிறாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள், அம்மாவோடு இருக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அட்லஸ் அந்துப்பூச்சி கூடத்தின் கடைசியில், தனிக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. அங்கே போனதும் முனியராஜுக்கு ஒரு வசதி கிடைத்தது. திரும்பிப் பார்க்கவே வேண்டாம், கண்ணாடியிலேயே வாசல் தெரிந்தது. வெள்ளைக் கட்டமாக, திறந்த கதவும் வெளியே நின்ற வேப்பமரத்து நிழலும் அதில் அப்படியே விழுந்திருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிள்ளைகள் வந்து போயின, டீச்சர்கள் வந்து போனார்கள், அவன் நகரவில்லை. சொர்ணலட்சுமி பக்கத்தில் வந்து அந்தப் பூச்சியைப் பற்றி விளக்கிச் சொன்னாள். "ஆமாங்க, ஆமாங்க," என்றான்.

"இவ்வளவு நேரம் நின்னு பார்க்கற ஆள் ரொம்பக் கம்மி சார்," என்றாள் அவள். கூச்சமாகச் சிரித்தான்.

சனிக்கிழமை மதியம் வரைக்கும்தான், கூடத்தைச் சாத்தப் போகிறோம் என்று மணி அடித்த பிறகுதான் வெளியே வந்தார்கள். லச்சு ஏற்கெனவே வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"பாத்துட்டியா தாயி? எல்லாம் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்ப்பா."

முனியராஜுக்குத் தலைகால் புரியவில்லை. வாட்ச்மேனிடம் போன்களை வாங்கிக்கொண்டு அவர் தோளில் தட்டிக்கொடுத்தான். மதுரை பஸ் ஸ்டாண்டில் புரோட்டா வாங்கிக் கொடுத்தான், கேட்காமலே ஆரஞ்சுப் பழம் வாங்கினான். சாத்தூர் பஸ்ஸில் ஏறியபோது கதவோர சீட் காலியாக இருந்தும் நடுப்பக்கம் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தான். மாரிசெல்வி அதைக் கவனிக்காமல் இல்லை.

"பொங்கலுக்குப் படத்துக்குப் போவமா?" என்றாள் மெதுவாக.

"போவம். வில்லன் சாகுற வரைக்கும் இருப்பம்," என்றான் அவன். மூன்று பேரும் சிரித்தார்கள்.

திருமங்கலம் தாண்டியதும் மாரிசெல்வி ஆரஞ்சை உரித்து மகளுக்கு நீட்டினாள். லச்சு இடது கையை நீட்டினாள்.

"சோத்துக் கையில வாங்குளா." மகளின் வலது கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். உள்ளங்கைக்குக் குறுக்கே சிவப்பாகத் தடித்து ஒரு கோடு. "என்னடி இது? எங்கிட்டு இடிச்ச?"

"ஒண்ணுமில்லம்மா."

"சொல்லப்போறியா இல்லயா?"

"அந்தக் கதவும்மா. விட்டா விட்டா மூடிக்கிருச்சு. கல்லு வச்சாலும் தள்ளிட்டு வந்துருது. வாட்ச்மேன் வேற ஏசி போகுது, ஏசி போகுதுன்னு சத்தம் போட்டாரு. எங்கப்பா உள்ள இருக்காரு, அவருக்குக் கதவு தெறந்திருக்கணும்னு சொன்னேன். அப்புறம் ஒண்ணும் சொல்லல. அதான் வெளிய கதவுக்குப் பின்னாடி புடிச்சுக்கிட்டு நின்னேன்."

முனியராஜ் ஜன்னலிலிருந்து திரும்பினான். "எந்நேரம் வரைக்கும்?"

"நீங்க வர்ற வரைக்கும்."

"அப்போ அந்தப் பூச்சி?"

லச்சு ஆரஞ்சுச் சுளையின் நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "பரவால்லப்பா. நீங்க பாதியில வரலைல்ல."

மாரிசெல்வி மடியில் கிடந்த ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். அவள் திட்டியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவனுக்கு அவன் மேலேயே அப்படி ஓர் ஆத்திரம் வந்தது, எழுந்து பஸ்ஸை நிறுத்திவிடலாமா என்றிருந்தது. நிறுத்தி என்ன செய்வது? கூடத்தைச் சாத்திவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் கம்பெனி திறந்துவிடும். போன் இரண்டும் சட்டைப் பையில் கிடந்தன, ஒரு படம் கிடையாது. பிள்ளைக்காகப் போன இடத்தில் பிள்ளையைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, நான் ஜெயித்துவிட்டேன் என்று புரோட்டா தின்றுவிட்டு வந்திருக்கிறேன் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

லச்சு அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அவன் மேல் கோபமே இல்லை. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

"அதான் நீங்க பாத்தீகளேப்பா. அதுகிட்டயேதான் நின்னீக, நான் பாத்தேன். சொல்லுங்க, எப்பிடி இருந்துச்சு? றெக்க ஓரத்துல பாம்புத்தல மாதிரியே இருக்குமாமே, நெசமாவா?"

முனியராஜ் கண்ணை மூடி யோசித்தான். கண்ணாடி ஞாபகம் வந்தது. அதில் வெள்ளைக் கட்டமாக வாசல் தெரிந்தது, வேப்பமரத்து நிழல் தெரிந்தது. அதற்குப் பின்னால் பழுப்பாக என்னவோ இருந்தது. எவ்வளவு முட்டிப் பார்த்தும் அதற்கு மேலே ஒன்றும் வரவில்லை.

"சொல்லுங்கப்பா."

"பெருசா இருந்துச்சு தாயி," என்றான்.

அது அவளுக்கு முன்பே தெரியும்.